வி.ஆரில் இரண்டு கைகள்: கேட்டதும் சொன்னதும்

மதுரையில் வி.ஆர் (தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர் உலகம்) ஆட்டங்கள் செய்கிறவர்கள் ஒரு மாலை கூடியபோது என்னிடம் கேட்ட கேள்விகள் இவை.

அக்கா, என் ஆட்டத்தில் இரண்டு கைக்கும் ஒரே வேலை கொடுத்தேன். எல்லோரும் இடது கையைத் தொங்கப்போட்டு விடுகிறார்கள். ஏன்? (கல்லூரி மாணவர், திருமங்கலம்)

மாட்டுத்தாவணிப் பக்கம் மல்லிகை கட்டுகிறவர்களைப் பாருங்கள், தம்பி. இடது கை விரல் இடுக்கில் காம்புகள் நிற்கும்; வலது கை நாரைச் சுற்றி இறுக்கும். இடது கை முன்னால் வந்து இடம் கொடுக்கிறது, வலது கை அதற்குள் நுணுக்கம் செய்கிறது. கைகளின் வேலைப் பங்கீட்டை ஆராய்ந்த ஈவ் கியார் 1987-இல் எழுதியது இதைத்தான். எழுதும் தாளுக்கு அடியில் கார்பன் வைத்துப் பாருங்கள். தாள் நிறைய எழுதியிருப்பீர்கள், மேசையிலோ எழுத்தெல்லாம் ஒரு சின்ன இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். தாளை நகர்த்தியது இடது கை! வி.ஆரில் ஓவியம் வரையும் டில்ட் பிரஷ் செயலியில் ஒரு கையில் வண்ணப்பலகை, மறு கையில் தூரிகை என்பதும் இதே கணக்குதான். உங்கள் ஆட்டத்திலும் இடது கைக்கு ஒரு தட்டாவது கொடுங்கள்.

இரண்டு கையாலும் இழுத்துப் பெரிதாக்குவது?

அங்கே இரண்டு கையும் சமம். பிடித்தபோது கைகளுக்கு நடுவே 20 செ.மீ., இப்போது 40 என்றால் பொருள் இரு மடங்கு. தொல்லை ஒரு கையை விடும்போதுதான். அந்த நொடியில், மிச்சமிருக்கும் கைக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியைப் புதிதாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நான் அதை மறந்து ஒரு குடம் எகிறி முகத்துக்கே வந்தது. கத்திவிட்டேன்.

கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் வெறுங்கையால் பூக்கட்ட வைக்கலாமா?

சிரமம். ஒரு கை மற்றதை மறைத்தால் ஹெட்செட் கேமராவுக்கு விரல் தெரியாது. கைகள் தள்ளி நிற்கும் வேலையாகப் பாருங்கள்.

பத்து நிமிடத்தில் தோள் வலிக்கிறது.

டீ கிளாஸ் பிடிக்கும் உயரத்தில் வேலையை வையுங்கள், முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும்.

நான் இடது கைக்காரி. பட்டனை மாற்றினால் போதுமா?

போதாது. தட்டு, மெனு, பொருள் வைக்கும் பக்கம் எல்லாமே மாற வேண்டும். எந்தக் கைப் பழக்கம் என்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்டுவிடலாம்.

பரோட்டா வீசுவதை வி.ஆரில் செய்யலாமா?

மாவு இழுபடுவது கன்ட்ரோலரில் வராது, அதிர்வு மட்டும்தான் வரும். கொத்து பரோட்டா போடுங்கள். இரண்டு கையிலும் கரண்டி, கல்லில் விழும் ஒவ்வொரு அடிக்கும் அந்தந்தக் கையில் ஓர் அதிர்வு.