படிவத்தில் ‘உளச்சார்பு’ என்று கேட்டால் என்ன எழுதுவது?

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தகப்பன் கேட்கிறார்: “மகன் சாதாரண தரம் எழுதிவிட்டான். லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தின் இஞ்சினைக் கண்டால் சோறும் வேண்டாம். தொழிற்பயிற்சிப் படிவத்தில் ‘விண்ணப்பதாரரின் உளச்சார்பு’ என்று ஒரு கட்டம். படிவம் நிரப்பித் தருபவர், அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும், தானே எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கிறார். நாட்டம் என்று எழுதினால் போதாதா?”

போதும் ஐயா. காசை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சான்றிதழ் இணைக்கச் சொல்லிப் படிவத்தில் அச்சிட்டிருக்கிறதா? இல்லையென்றால் பயிற்சி நிலையத்திலேயே நேரில் கேளுங்கள்.

ஓடு ஓட்டம் ஆனதுபோல நாடு நாட்டம் ஆனது. கோடையில் அவிழ்த்துவிட்ட எருமை யாரும் சாய்க்காமலே குளத்துப் பக்கம் திரும்புகிறதே, அதுதான் நாட்டம். தொல்காப்பியத்தில் ‘நாட்டம் இரண்டும்’ என்றால் இரண்டு கண்கள். மனம் போகிற இடத்துக்குக் கண் முந்திப் போய்விடும்தானே! “மகனுக்கு இயந்திரங்களில் நாட்டம்” என்று எழுதுங்கள். “இயந்திரங்களுக்கு நாட்டம்” என்றால் இயந்திரம்தான் எதையோ நாடுகிறது என்றாகிவிடும்.

உளச்சார்பும் சொல்லளவில் மனம் சாய்வதுதான். ஒரு இடத்தில் மட்டும் கவனம்: உளச்சார்புப் பரீட்சை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க அதில் தேறவேண்டும். அங்கே ஆசை உண்டா என்று பார்ப்பதில்லை, கைவருமா என்றுதான் பார்ப்பார்கள். சுவரெல்லாம் படம் கீறித் திரிந்த பிள்ளையும் அதில் தவறலாம். ஆசை அவ்வளவும் இருந்தும் தவறலாம் என்பதைத்தான் பெற்றோர் பலருக்கு விளங்கவைக்க முடிவதில்லை. உங்கள் மகனுடையது வெறும் படிவம், பரீட்சை அல்ல.

1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. இன்னமும் தமிழ்ப் படிவத்தைத் தமிழனுக்கு விளங்கப்படுத்த இடையில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. ‘எதில் விருப்பம்?’ என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? அந்த ஆளும் எல்லாருக்கும் ஒரே வரிதான் எழுதுவார்: “சிறுவயது முதலே இத்துறையில் ஆழ்ந்த நாட்டம் கொண்டவன்.” மேசன் வேலைக்கும் அதுதான், தையலுக்கும் அதுதான். நானே அந்த வரியை எத்தனை படிவங்களில் பார்த்துவிட்டேன்!

பேனாவை மகனிடம் கொடுங்கள். “எனக்கு இயந்திரங்களில் நாட்டம். லான்ட் மாஸ்டர் இஞ்சினைக் கழற்றிப் பூட்டுவேன்.” உண்மையிலேயே பூட்டுவான் என்றால் எழுதட்டும். கழற்ற மட்டும்தான் தெரியும் என்றால் அதையே எழுதட்டும், பூட்டப் பழகத்தானே போகிறான்.