பக்கத்து வீட்டு மண் அறிக்கையை வைத்து அடித்தளம் போடலாமா?

சிங்கப்பூரில் கேலாங் பக்கம் பழைய தரைவீட்டை இடித்து மூன்று மாடி கட்டப்போகிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய மண் பரிசோதனை அறிக்கையைத் தருகிறார், அதுவே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பயன்படும். ஆனால் அதை நம்பி பைலிங்கில், அதாவது அடித்தளத் தூண்களை மண்ணுக்குள் இறக்கும் வேலையில், இறங்காதீர்கள். மண் பரிசோதனைக்குத் துளை போடும் சைட்டிலேயே பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன்.

சிங்கப்பூர் சின்ன ஊர்தான், ஆனால் மண் இடத்துக்கு இடம் மாறும். புக்கிட் தீமாவில் கிரானைட், ஜூரோங்கில் படிவுப் பாறை, பிடோக், தெம்பனிஸ் பக்கம் இறுகிப்போன பழைய வண்டல். காலாங், கேலாங் வட்டாரத்தில் மரின் கிளே என்கிற கடல் களிமண். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது ஆறுகள் பழைய வண்டலை ஆழமாக அரித்துவிட்டன. பிறகு கடல் ஏறி வந்து அந்தப் பள்ளங்களைச் சேற்றால் நிரப்பியது. மேலே நின்று பார்த்தால் எல்லாம் சமதரை. பள்ளத்தின் சரிவு உங்கள் மனைக்கு அடியில் போகிறது என்றால், அவர் வீட்டில் 12 மீட்டரில் கிடைத்த கெட்டித் தரை உங்களுக்கு 25 மீட்டரில் கிடைக்கலாம். ஒரே ஒரு துளை போட்டால் சரிவு எந்தப் பக்கம் என்று தெரியாது. அதற்குக் குறைந்தது மூன்று துளைகளாவது வேண்டும்.

துளையில் நடப்பது இதுதான்: கம்பி முனையில் குழாயை மாட்டித் துளைக்குள் இறக்கி, கம்பியின் தலையில் 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். குழாய் மண்ணில் இறங்கும் முதல் 150 மில்லிமீட்டர் கணக்கில் சேராது. அடுத்த 300 இறங்க எத்தனை அடி விழுந்ததோ, அதுதான் அறிக்கையில் வரும் எஸ்பிடி எண், கூடினால் மண் கெட்டி என்று அர்த்தம். நல்ல பழைய வண்டலில் 50, 100 என்று போகும். மரின் கிளேயில் சில நேரம் சுத்தியலைத் தூக்கவே வேண்டாம், கம்பி தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்கும். அந்த இடத்தில் 0 என்று எழுதுவார்கள். குழாயிலிருந்து வெளியே தள்ளினால் நீலச் சாம்பல் நிறத்தில், நடுவே சிப்பித் துண்டுகளோடு வரும். கையில் பிசைந்தால் இருந்த கொஞ்ச வலுவும் போய்விடும். அதனால் இந்தக் களிமண்ணுக்கு எஸ்பிடி எண் மட்டும் போதாது. துளைக்குள்ளேயே வேன் ஷியர் சோதனை (இறக்கை வைத்த கம்பியைக் களிமண்ணில் திருகி வலுவை அளப்பது) செய்ய வேண்டும், மெல்லிய குழாயில் கலையாத மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கொட்டேஷனில் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலிவான கொட்டேஷனில் முதலில் காணாமல் போவது இவைதான்.

இன்னொன்று. மேல் களிமண்ணுக்கும் கீழ்க் களிமண்ணுக்கும் நடுவே செம்மை கலந்த கெட்டி அடுக்கு ஒன்று பல இடங்களில் உண்டு. கடல் விலகியிருந்த காலத்தில் காய்ந்து இறுகியது. எண் திடீரென்று ஏறும், 'கெட்டி வந்துவிட்டது, நிறுத்தலாம்' என்பார்கள். நிறுத்தக்கூடாது, அதற்குக் கீழே மறுபடியும் அதே சேறு.

அறிக்கை கையில் இருந்தாலும் அதைக் கணக்கில் எப்படி எடுக்கிறார்கள் என்பது தனிக் கதை. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் எம்ஆர்டி ரயில் பாதைக்கான தோண்டுபள்ளம் சரிந்து நால்வர் இறந்தார்கள். முட்டுக்கம்பிகளின் இணைப்பில் வடிவமைப்புக் குறை இருந்தது, அதோடு களிமண்ணின் வலுவைக் கணக்கில் உள்ளதைவிடக் கூட்டி எடுத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரிந்தது.

நிலத்தடி நீர்மட்டத்தைத் துளை போட்ட உடனே குறித்தால் அது துளையிட ஊற்றிய தண்ணீரின் அளவு. மறுநாள் காலையில் அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வெள்ளத்துக்காக மனையை உயர்த்தி மண் கொட்டப்போகிறீர்கள் என்றால் பொறியாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். புது மண்ணின் பாரத்தில் களிமண் வருடக்கணக்கில் அமுங்கும், அமுங்கும்போது பைலையும் சேர்த்துக் கீழே இழுக்கும். அந்த இழுவையையும் சேர்த்துத்தான் பைலின் நீளத்தை அவர் முடிவு செய்ய வேண்டும். பைல் இல்லாத கார் போர்ச் தரை வீட்டைவிட்டுப் பிரிந்து இறங்குவதும் இதனால்தான், அதற்கும் சேர்த்து இப்போதே கேளுங்கள்.