ஓபெத்ல குரோல் போனதும் வந்ததும்: கேட்டதுக்கெல்லாம் பதில்

2024 நவம்பர்ல ஸ்வீடன் மெட்டல் பேண்ட் ஓபெத்தோட தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட் ஆல்பம் வந்ததுலேர்ந்து, குரோல் (அடித்தொண்டையிலேர்ந்து உறுமிப் பாடறது) பத்தி ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, எல்லாத்துக்கும் இங்கயே சொல்லிடறேன்.

கேள்வி: அண்ணா, 16 வருஷம் கழிச்சு குரோல் வந்துடுச்சே, பழைய ஓபெத் திரும்பிட்டாங்களா?

பதில்: இல்ல தம்பி, குரல்தான் திரும்பியிருக்கு. 2008 வாட்டர்ஷெட்டுக்கு அப்புறம் ஸ்டுடியோ ஆல்பத்துல இப்பதான் குரோல் கேக்குது, ஒத்துக்கறேன். ஆனா பழைய ஆல்பம் பிளாக்வாட்டர் பார்க்ல ஒரு ரிஃப்பை (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு) பிடிச்சா பத்து நிமிஷத்துக்கு ஆற அமர உருட்டுவாங்க, இதுல ஆறேழு நிமிஷத்துக்குள்ள ஸ்ட்ரிங்ஸ் வருது, புல்லாங்குழல் வருது, டக்குனு ஜாஸ் மாதிரி ஒரு திருப்பம், நாம தலையாட்ட ஆரம்பிக்கறதுக்குள்ள தாளம் மாறிடுது. 2011ல குரோலே இல்லாம வந்த ஹெரிடேஜ் ஆல்பத்துலேர்ந்து பழகின பாணி அப்படியே இருக்கு, அது மேல குரோலை ஏத்தியிருக்காங்க.

கேள்வி: 2011ல குரோலை எதுக்கு விட்டாங்க ப்ரோ? தொண்டை போயிடுச்சுன்னு ஒருத்தன் அடிச்சு சொல்றான்.

பதில்: தொண்டையெல்லாம் ஒண்ணும் போகல, பாட்டு எழுதி பாடற மிக்கேல் ஓகர்ஃபெல்ட் பழைய பாட்டை மேடையில அப்புறமும் குரோல் பண்ணித்தான் பாடினாரு. நடந்தது என்னன்னா, மிக்கேல் வாட்டர்ஷெட் பாணியிலேயே ரெண்டு பாட்டு எழுதி பாஸிஸ்ட் மார்ட்டின் மெண்டஸ்கிட்ட போட்டு காட்டியிருக்காரு, இதே வழியில போனா எனக்கு ஏமாற்றமா இருக்கும்னு அவர் சொல்லிட்டாரு, இவருக்கும் மனசுக்குள்ள அதேதான் ஓடிட்டிருந்திருக்கு, ரெண்டையும் தூக்கி போட்டுட்டு முதல்லேர்ந்து எழுதினதுதான் ஹெரிடேஜ். அப்பா காலத்து வினைல் தேடித்தேடி வாங்கற ஆளு மிக்கேல், எழுபதுகள் ப்ரோக்னா (நீளமா, சிக்கலா போற ராக் இசை) உயிர். ரெக்கார்டிங்கையும் ஸ்டாக்ஹோம்ல ஆப்பா (ABBA) பாப் குழு பாடின பழைய ஸ்டுடியோவுல வச்சாரு, மிக்ஸ் பண்ணினது ப்ரோக் இசைக்காரர் ஸ்டீவன் வில்சன். மெலட்ரான் (டேப்ல ஓடற பழைய கீபோர்ட்), ஹாமண்ட் ஆர்கன், டிஸ்டார்ஷன் (கரகரப்பு) கம்மி பண்ணின கிட்டார்னு முழுசா வேற உலகம். அட்டைப் படத்தை பாருங்க, மரத்துல பேண்ட் ஆளுங்க தலை காய்ச்சு தொங்குது, வேர் கீழ நரகத்துக்கு போகுது, குரோல் வச்ச முரட்டு இசையான டெத் மெட்டல்லேர்ந்துதான் முளைச்சோம்னு அவங்களே சொல்ற மாதிரி. விலகிப் போன கீபோர்ட் வாசிப்பாளர் தலை மட்டும் கீழ விழுது, குசும்பு!

கேள்வி: நான் 2009ல சென்னை ஐஐடி சாரங் விழாவுல நேர்ல பார்த்தவன். ஹெரிடேஜ் கேட்டு நொந்துட்டேன். காசுக்காக மாறிட்டாங்கன்னு தோணுச்சு.

பதில்: கோவம் புரியுது சார், நீங்க பார்த்தது வாட்டர்ஷெட் சமயத்து ஓபெத். ஹெரிடேஜ் டூர்ல ஆரம்பத்துல குரோல் இல்லாத பாட்டா பொறுக்கி வாசிச்சாங்க, அது எனக்கும் கடுப்புதான், காசு குடுத்து வந்தவனுக்கு ரெண்டு பழைய பாட்டாவது போட்டிருக்கணும். ஆனா காசுக்காகன்னா பாட்டை சுருக்கி ரேடியோவுக்கு தோதா பண்ணுவாங்க, மெலட்ரானை வச்சு யாரும் பங்களா கட்டினதில்ல. இன்னொண்ணு, 2003லயே டாம்னேஷன்னு குரோலே இல்லாத ஆல்பம் போட்டாங்க, அதோட கூடவே பதிவான டெலிவரன்ஸ் இடி மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் மிக்கேலுக்குள்ள எப்பவுமே இருந்துச்சு.

கேள்வி: இப்ப மட்டும் குரோல் ஏன்?

பதில்: புது ஆல்பத்தோட கதைக்கு தேவைப்படுது. முதல் உலகப் போருக்கு அப்புறம், ஒரு பணக்கார குடும்பத் தலைவர் செத்துட்டாரு, உயிலை படிக்கிறாங்க, குடும்ப ரகசியமெல்லாம் வெளிய வருது. செத்தவன் குழிக்குள்ளேர்ந்து பேசினா மெல்லிசா பாட முடியுமா? உயில் ஷரத்து மாதிரிதான் ஏழு பாட்டுக்கும் பேரு இல்லாம வெறும் நம்பர். எட்டாவது பாட்டுக்குத்தான் பேரு, அதுல குரோலும் கிடையாது. எனக்கு இந்த ஆல்பத்துல ரொம்ப பிடிச்சது அந்த எட்டாவதுதான், திட்டறவங்க திட்டிக்கோங்க.

கேள்வி: நடுவுல பேசறது யாரு?

பதில்: ஜெத்ரோ டல்ங்கற பழைய ப்ரோக் பேண்டோட இயன் ஆண்டர்சன். நாலாவது பாட்டுல புல்லாங்குழலும் அவர்தான்.

கேள்வி: டிரம்ஸ் பட்டாசா இருக்கே, புது ஆளா?

பதில்: ஆமா, வால்ட்டேரி வைரினன், ஃபின்லாந்துக்காரர், பாரடைஸ் லாஸ்ட்ங்கற மெட்டல் பேண்ட்ல வாசிச்சவரு, 2022ல இங்க சேர்ந்தாரு. அவருக்கு இதான் ஓபெத்ல முதல் ஆல்பம்.

கேள்வி: குரோல் பிடிக்காத என் தங்கச்சிக்கு எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: டாம்னேஷன், அப்புறம் 2014ல வந்த பேல் கம்யூனியன். ஹெரிடேஜை மூணாவதா குடுங்க, முதல்லயே குடுத்தா ஓடிடுவாங்க.