குளச்சல் போரைத் தொழில்மயப் போர் என்று எழுதலாமா?

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தொழில்மயமாதல் போரையும் மக்கள் வாழ்க்கையையும் எப்படி மாற்றியது என்று செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். டாங்கிப் படம், விமானப் படம் ஒட்டாமல் நம் குமரி மாவட்டத்தை வைத்தே செய்ய முடியுமா? குளச்சல் போரும் உதயகிரிக் கோட்டையும் இதில் சேருமா? – தக்கலை வாசகி

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் குளச்சல் போரை 'முன்பு' என்ற பகுதியில் வையுங்கள். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது தொழிற்புரட்சி தொடங்கவே இல்லை. அங்கே பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, உதயகிரியில் பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்தார். அது கைத்தொழில், ஒவ்வொரு பீரங்கியாக வார்த்தெடுக்கும் வேலை.

'பின்பு' பகுதிக்கு 1916-இல் பிரான்சில் நடந்த சோம் போரை எடுங்கள். காலாட்படை கிளம்புவதற்கு முந்தைய ஒரு வாரத்தில் மட்டும் பிரிட்டிஷ் பீரங்கிகள் ஏறக்குறைய 15 லட்சம் குண்டுகளைச் சுட்டன. இத்தனையையும் யார் செய்தது என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பாடத்தின் உயிரே அந்தக் கேள்விதான். ஆண்கள் போர்முனைக்குப் போக, குண்டுத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கான பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். டி.என்.டி. வெடிமருந்து பட்டு அவர்களில் பலருக்குத் தோல் மஞ்சளாகிப்போனது. தொழிற்சாலைதான் படையை நிறுத்துகிறது என்றானதும், எதிரி அந்த ஊரையும் அதன் சாப்பாட்டையும் குறிவைத்தான். பிரிட்டன் கடல் வழியை அடைத்ததும், உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்ததும் சேர்ந்து, 1916–17 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் மாட்டுக்குப் போடும் டர்னிப்பைத் தின்று காலம் தள்ளினார்கள். சண்டைக்கே போகாத பாட்டியும் பேரனும் போருக்குள் வந்தது இப்படித்தான்.

இனி நம் கடற்கரை. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் காட்டிக்கொடுத்தது என்பார்கள். மோனசைட்டில் இருந்து எடுக்கும் தோரியம் காஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவை. கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸில் வெள்ளையாக எரியுமே, அதே மேன்டில். அந்த வியாபாரத்தில் ஜெர்மானியர் கைதான் ஓங்கியிருந்தது. முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷார் அந்த மணல் தொழிலை அவர்களிடமிருந்து பறித்தார்கள். இங்கே ஒரு துப்பாக்கி கூட வெடிக்கவில்லை, ஆனாலும் அதுவும் போர்தான். குளச்சல் வெற்றித் தூணை விட இந்த மணலுக்கே நான் கூடுதல் பக்கம் ஒதுக்குவேன்.

இரண்டாம் உலகப் போருக்கு அடுக்களையில் இருந்து தொடங்குங்கள். 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது, பர்மா அரிசி நின்றது. நாஞ்சில் நாட்டு நெல் இருந்தும் திருவிதாங்கூர் முழுவதற்கும் அது காணாது. ரேஷன் வந்தது. மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) முன்பே இங்கே பழக்கம்தான். அரிசி கிடைக்காத அந்த நாட்களில் ஏழை வீடுகளின் பசியை ஆற்றியது அதுதான். அப்போது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். குடும்பத்திலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள், கோட்டையும் தூணும் எங்கேயும் போகாது. 'போர் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நமக்கென்ன தெரியும் மக்கா' என்றுதான் பதில் வரும். ரேஷன் அரிசி எப்படி இருந்தது, மண்ணெண்ணெய் கிடைத்ததா, துணிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வரைபடத்தில் 1741-க்கோ 1942-க்கோ 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று எழுதக் கூடாது. அப்போது இது திருவிதாங்கூர். தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அப்புறம், மணவாளக்குறிச்சி மணலைப் பாட்டிலில் அள்ளிவந்து அட்டையில் ஒட்ட வேண்டாம். மோனசைட்டுக்குக் கதிரியக்கம் உண்டு, அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும் கனிமமும் கூட. ஒரு புகைப்படம் போதும்.