ஷவுவோத் இரவில் கண்விழிக்கப் போகலாமா?

கேள்வி: என்னோடு வேலை பார்க்கும் யூதத் தோழி, ஷவுவோத் பண்டிகை இரவில் அவளுடைய ஜெப ஆலயம் ஜூமில் நடத்தும் படிப்புக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். 2026 மே 21, வியாழன் இரவு 9 மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை 5 மணி வரை. அவர்கள் ரிஃபார்ம் பிரிவினராம். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். எபிரேயத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. போகலாமா? போனால் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா? என்னென்ன தயார் செய்ய வேண்டும்? சென்னையில் இருக்கும் என் தங்கையும் சேர ஆசைப்படுகிறாள்.
– வாசகி, டொராண்டோ

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று மட்டும் போகாதீர்கள். இரண்டாவது மணி நேரத்திலேயே தூங்கிவிடுவீர்கள்.

கண்விழிப்பு என்றதும் நமக்குச் சிவராத்திரி ஞாபகம் வரும். இது வேறு மாதிரி. பட்டினி கிடையாது, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். நான்கு கால பூஜை போன்ற வரிசையும் இல்லை. இரவு முழுக்கப் படிப்பு, அதுவும் வாய்விட்டுப் படித்து, வரிக்கு வரி மடக்கிக் கேள்வி கேட்கிற படிப்பு. இதற்குப் பெயர் ‘திக்குன் லேல் ஷவுவோத்’. திக்குன் என்றால் பழுது பார்ப்பது, சீர் செய்வது. எந்தப் பழுது? சீனாய் மலையில் யூதர்களின் வேதமான தோரா அருளப்பட்ட அன்று காலை இஸ்ரவேலர் அசந்து தூங்கிவிட்டார்கள், மோசே போய் எழுப்ப வேண்டியதாயிற்று என்று ஒரு பழங்கதை உண்டு. அந்தத் தூக்கத்துக்குப் பரிகாரமாகத்தான் இந்த விழிப்பு. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் இரண்டாம் இரவில் தொடங்கி 49 நாள் எண்ணி, ஐம்பதாவது நாளில் வருகிறது ஷவுவோத். தமிழ் பைபிளில் ‘வாரங்களின் பண்டிகை’ என்று இருப்பது இதுதான். விடிய விடியப் படிக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்கள் 16ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் யோசேஃப் காரோவும், இன்றைய வட இஸ்ரேலில் இருக்கும் சஃபேத் நகர ஞானிகளும். அந்தப் பக்கத்து ஊர்களில் காபி பரவியதும் அதே நூற்றாண்டில்தான். இரண்டுக்கும் முடிச்சுப் போடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள்.

யூதரல்லாதவர் தோரா படிக்கலாமா என்ற கேள்வி, பழைய யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதிலேயே இருக்கிறது. சன்ஹெத்ரின் பகுதியின் 59ஆம் ஏட்டில் ஒரு ரபி, அதாவது யூத மத ஆசான், கூடவே கூடாது என்று மிகக் கடுமையாகச் சொல்கிறார். உடனே, தோராவில் ஈடுபடும் அந்நியர் பிரதான ஆசாரியருக்குச் சமம் என்ற ரபி மேயீரின் வாக்கை எடுத்து அவர்முன் வைக்கிறார்கள். அந்த வாக்கு, எல்லா மனிதருக்கும் பொதுவான ஏழு கட்டளைகளைப் படிப்பதைப் பற்றியது என்று விளக்கம் சொல்லி இரண்டையும் அங்கே சமாதானப்படுத்துகிறார்கள். உங்கள் தோழியின் ரிஃபார்ம் பிரிவு தாராளப் போக்குள்ளது, அங்கே விருந்தினர் வருவது சாதாரணம். மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் பண்டிகை நாளில் மின்கருவிகளை இயக்க மாட்டார்கள் என்பதால், அவர்கள் ஆன்லைனில் நடத்தினாலும் சூரியன் மறையும் முன்பே முடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட கன்சர்வேடிவ் பிரிவில் சில இடங்களில், மாலையிலேயே இணைப்பைப் போட்டு அப்படியே விட்டுவிட வேண்டும், சாட்டில் எழுதக்கூடாது, பதிவு செய்யக்கூடாது என்ற ஏற்பாடு இருக்கும். உங்கள் கூட்டத்தில் எது என்று தோழியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். என்ன பதில் வந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள்.

எபிரேயம் தெரியாதது ஒரு குறையே இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்போடு பக்கங்களை முன்கூட்டியே அனுப்புவார்கள். பெரும்பாலும் ‘செஃபாரியா’ என்ற இலவசத் தளத்தின் இணைப்பாக வரும். நீங்கள் முன்னதாகச் செய்ய வேண்டியது இரண்டு வாசிப்பு: யாத்திராகமம் 19, 20 அதிகாரங்கள், பிறகு ரூத்தின் கதை, மொத்தமே நான்கு அதிகாரம். இரண்டும் தமிழ் பைபிளில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரூத் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த மருமகள்; அவள் கதை இந்தப் பண்டிகைக்கு உரியது. தமிழ் பைபிளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வசன எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். கொலை, விபசாரம், களவு, பொய்ச்சாட்சி என்ற நான்கு கட்டளைகளும் பல யூதப் பதிப்புகளில் 20:13 என்ற ஒரே வசனத்துக்குள் அடங்கும். அதனால் தமிழில் 20:17 ஆக இருக்கும் ‘இச்சியாதிருப்பாயாக’ அங்கே 20:14. சங்கீதங்களில் தலைப்பு வரியையே முதல் வசனமாக எண்ணுவதால் பல இடங்களில் அவர்கள் எண் ஒன்று கூடும். எல்லோரும் ஒரு வசனத்தைப் பார்க்க, நீங்கள் வேறொன்றைப் பார்த்து விழிப்பது இதனால்தான்.

பேச்சில் இரண்டு கவனம். ‘பழைய ஏற்பாடு’ என்பது கிறிஸ்தவர்கள் வைத்த பெயர். தனாக் என்றோ எபிரேய வேதம் என்றோ சொல்லுங்கள். தமிழ் பைபிளில் வரும் ‘யேகோவா’ என்ற பெயரை அங்கே உச்சரிக்காதீர்கள். அவர்களே அதைச் சொல்வதில்லை; பேச்சில் ‘ஹஷேம்’, அதாவது ‘அந்தப் பெயர்’ என்பார்கள். வாழ்த்துச் சொல்ல ‘ஹாக் ஸமேயாக்’ போதும்.

இனி அந்த இரவின் உயிரான விஷயம்: ஹவ்ருதா, அதாவது ஜோடியாகப் படிப்பது. இருவர் இருவராகப் பிரேக்அவுட் ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாதவரோடு இருபது நிமிடம், கையில் ஐந்தாறு வரி. ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர் நிறுத்திக் கேட்க வேண்டும். அன்றிரவு அடிக்கடி வருகிற ஒரு வரியையே பாருங்கள். யாத்திராகமம் 19:17, மக்கள் ‘மலையின் அடிவாரத்தில் நின்றார்கள்’ என்கிறது. எபிரேயச் சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் ‘மலைக்கு அடியில்’ என்றும் படிக்கலாம். தல்மூதில், ஷபாத் பகுதியின் 88ஆம் ஏட்டில், ரவ் அவ்திமி என்ற ஆசான் அப்படியே படிக்கிறார்: கடவுள் மலையைத் தூக்கித் தொட்டியைக் கவிழ்ப்பதுபோல அவர்கள் தலைக்கு மேல் பிடித்து, தோராவை ஏற்றால் சரி, இல்லாவிட்டால் இங்கேயே உங்கள் சமாதி என்றாராம். அடுத்த வரியிலேயே இன்னொருவர் குறுக்கிடுகிறார்: மிரட்டி வாங்கிய சம்மதம் செல்லுமா? பிறகு ரவா என்ற வேறோர் ஆசான், பைபிளில் வரும் எஸ்தர் ராணியின் காலத்தில் மக்கள் தாமாகவே மறுபடி ஏற்றுக்கொண்டார்கள் என்கிறார். இந்த மூன்று வரியை வைத்து முழுசாக ஒரு மணி நேரம் ஓட்டலாம். கட்டாயத்தில் நடந்த கல்யாணம், பெற்றோர் வாங்கிய சத்தியம் என்று உங்கள் பக்கத்து உதாரணங்கள் வந்தால் சொல்லுங்கள்; அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ‘எனக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களே சொல்லுங்கள்’ என்று ஒதுங்கினால் எதிரில் இருப்பவர் தனியாகப் பேசிக் களைத்துவிடுவார். ‘இந்தச் சொல் ஏன் இங்கே?’ என்ற ஒரு கேள்வி போதும். நம் ஊரில் உரையாசிரியர்கள் திருக்குறளுக்குச் சண்டை போட்டதைப் படித்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அறைகளில் வகுப்பு நடந்தால், சொற்பொழிவுகளை நள்ளிரவுக்கு முன்பே கேட்டு முடியுங்கள். 1 மணிக்கு மேல் ஹவ்ருதா, பாட்டு, விவாதம் இருக்கும் அறைக்குப் போங்கள். 3 முதல் 5 வரை உடம்பு மிகவும் தளரும் நேரம். அப்போது ஸ்லைடு போட்டு ஒருவர் பேசினால் யாராலும் தாங்க முடியாது. எட்டு மணி நேரமும் இருந்தே தீர வேண்டும் என்று யாரும் கணக்கு எடுப்பதில்லை. 9 முதல் 1 வரை இருந்துவிட்டுத் தூங்குவதும் மரியாதையான பங்கேற்பே. அரைத் தூக்கத்தில் கேமரா முன்னால் ஆடிக்கொண்டிருப்பதைவிட அது மேல்.

முழு இரவு இருப்பதாக இருந்தால் வியாழன் பிற்பகல் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். காபியை ஒரே பெரிய கோப்பையாகக் குடிக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைக் கோப்பை. இரவு 2 மணிக்கு மேல் வேண்டாம். காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், காலையில் படுத்தாலும் தூக்கம் வராது. பண்டிகைக்குப் பால் உணவு வழக்கம்: சீஸ்கேக், உள்ளே பாலாடைக்கட்டி வைத்து மடித்த மெல்லிய தோசை போன்ற பிளின்ட்ஸ். உங்கள் மேசையில் பால் பாயசமும் பொருந்தும், அளவோடு.

கணினியில் முதல் நாளே ஜூமை அப்டேட் செய்து, ஸ்லீப் ஆகாதபடி அமைப்பை மாற்றி, சார்ஜரைச் செருகி வையுங்கள். பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் லேப்டாப் தூங்கிப்போய் இணைப்பு அறுவதுதான் வழக்கமான விபத்து. அறுந்தால் மறுபடி வெயிட்டிங் ரூமில் நிற்க வேண்டும். பதிவு செய்த அதே பெயர் திரையில் இல்லாவிட்டால், நடுராத்திரியில் ‘சாம்சங் கேலக்ஸி’ என்று வந்து நிற்பவரை யாரும் உள்ளே விடமாட்டார்கள். மைக் உள்ள இயர்போன் அவசியம். வீட்டாரும் தூங்க வேண்டுமே.

முடிவில் பத்துக் கட்டளைகளை வாசித்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். வழிபாடு தொடங்கும்போது மியூட்டில் இருந்து கவனித்தால் போதும், பதில் வாசகங்கள் சொல்ல வேண்டியதில்லை. டொராண்டோவில் அன்று சூரியன் உதிப்பது சுமார் 5.45க்கு. வெள்ளிக்கிழமை வேலை நாள் என்பதால் இப்போதே விடுப்புச் சொல்லிவிடுங்கள். விடிய விழித்தவர் கார் ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம்.

தங்கைக்குக் கண்விழிக்கும் வேலையே இல்லை. உங்கள் இரவு 9 மணி, அவருக்கு மே 22 வெள்ளி காலை 6.30, முடியும்போது பிற்பகல் 2.30. அழைப்பில் ‘மே 21 இரவு’ என்று இருப்பதைப் பார்த்து வியாழன் இரவே காத்திருக்கப் போகிறார், எச்சரித்துவிடுங்கள். பதிவும் அவர் பெயரில் தனியாக இருக்கட்டும். வீடியோவோடு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி செலவாகும். தினம் 2 ஜிபி போன் திட்டம் என்றால் ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். வைஃபை இருக்கும் வீட்டில் உட்காரச் சொல்லுங்கள்.