கடிவாளத்தை மாற்றும் முன் வாயைப் பாருங்கள்

கல்குடாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பாசிக்குடாக் கரையில் பயணிகளை ஏற்றுவதற்காக, நுவரெலியாவிலிருந்து தரகர் மூலம் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினாராம். ஐந்து வயது, நன்றாகப் பழகியது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கடிவாளம் போட்டால் தலையை உயர்த்துகிறது, நாக்கை வாய்க்குள் இருக்கும் கடிவாள இரும்புக்கு மேலே போட்டுக்கொள்கிறது, கையில் பிடிக்கும் வாரை இழுத்தால் நிற்காமல் ஓடுகிறது. முறுக்குக் கம்பி வைத்த கடிவாளத்தைத் தரகரே விற்பதாகச் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். ஏற்கனவே முன்பணம் கொடுத்திருந்தால், அது போனதென்று விட்டுவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நடு முன்பற்கள் மட்டுமே பெரியவை. பக்கத்தில் உள்ளவை சிறியவை, வெண்மையானவை, அதாவது பாற்பற்கள். ஐந்து வயதுக் குதிரைக்குப் பன்னிரண்டு முன்பற்களும் மாறி முடிந்திருக்கும். உங்களுடையது மூன்று வயதுக் குட்டி. வயதைக் கூட்டிச் சொல்லி விற்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. காசைக் கையில் கொடுக்கும் முன் உதட்டை விலக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் தொல்லைக்கும் இந்த வயதே பெரும்பாலும் காரணம். இரண்டரை வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் கடைவாயில் பன்னிரண்டு பாற்பற்கள் விழுந்து புதியவை முளைக்கின்றன. பாதி கழன்ற பல் ஈறைக் குத்திக்கொண்டிருக்கும். சில குதிரைகளுக்கு மேல்தாடையில், முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால், ஓநாய்ப் பல் எனப்படும் சின்னப் பல்லும் இருக்கும். இரும்பு அதில் இடித்தால் தலை மேலே போகத்தான் செய்யும். கடிவாளம் தங்கும் இடமோ பற்களே இல்லாத இடைவெளி. அங்கே எலும்பின் விளிம்புக்கு மேல் மெல்லிய ஈறு மட்டுமே இருக்கிறது. முறுக்குக் கம்பி அந்த ஈறை அறுக்கும். நோவு தாங்காமல் நாலு நாள் அடங்கி நடக்கும், தரகரும் “பார்த்தீர்களா” என்பார். ஐந்தாம் நாள் வாய் மரத்துவிடும், அல்லது குதிரை ஆளைத் தூக்கி எறியும்.

ஆகவே முதல் வேலை பல் பார்ப்பது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நமது கால்நடை வைத்திய அலுவலகங்கள் பசுவுக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் ஓடி ஓடி உழைக்கின்றன, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் குதிரையின் வாயைத் திறந்து வைக்கும் கருவியைக்கூட அவர்களுக்குக் கொடுக்காமல் சுற்றுலாவை வளர்க்கிறோம் என்கிறது அரசு. விலங்கு வதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 இல் எழுதப்பட்டது. அதில் குறித்த அபராதம் 100 ரூபாய். நாட்டுக்கு ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. உங்கள் பகுதி வைத்தியரிடம் சொல்லி, அங்குள்ள மருத்துவமனையோடு பேசி நாள் வாங்குங்கள். மயக்க ஊசி போட்டுத்தான் கடைவாயைச் சரியாகப் பார்க்க முடியும். பல் பிடுங்கும் “நாட்டு ஆள்” ஒருவரைத் தரகர் கூட்டிவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வாய் சரியென்று வைத்தியர் சொன்ன பிறகு, வழவழப்பான, நடுவில் இரண்டு மூட்டுள்ள சாதாரண கடிவாளம் போதும். உதட்டோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழும் உயரத்தில் மாட்டுங்கள். மூக்குப்பட்டிக்கும் மூக்கெலும்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வாயைத் திறக்கிறது என்பதற்காகப் பட்டியை இறுக்கிக் கட்டுவது, அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவதற்குச் சமம். முதல் சில நாட்கள் பத்து நிமிடம் வாயில் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். நடத்திச் செல்வதும் கட்டி வைப்பதும் தலைக்கயிற்றில்தான், கடிவாளத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள்.

நம் ஆட்கள் வாரை மூக்கணாங்கயிறு போல நினைத்து இழுக்கிறார்கள். தங்கூசியில் மீன் கொத்துகிறதா என்று பார்ப்பவரின் விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் தொய்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது, விறைத்திருந்தாலும் தெரியாது. வாரும் அப்படித்தான். குதிரை நடக்கும்போது தலை ஆடும், உங்கள் முழங்கையும் அதோடு போய்வர வேண்டும். முதலில் தரையில் நின்றபடி ஒரு பக்க வாரின் மேல் விரல்களை மெல்ல மூடுங்கள். மூக்கு அந்தப் பக்கம் ஒரு அங்குலம் திரும்பினாலும் அந்தக் கணமே விரலைத் திறங்கள். விட்டுக்கொடுத்தால் அழுத்தம் போய்விடும் என்பதை அது அந்தத் திறப்பில்தான் கற்கிறது. தாமதித்துத் திறந்தால் ஒன்றும் கற்காது.

இதில் உங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கலாம், அதைக் கவனமாகப் படியுங்கள். நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. உங்கள் குதிரை அங்கே பயிற்சி பெற்றிருந்தால், இரண்டு வாரையும் ஒன்றாக இறுக்குவது அதற்கு நிறுத்தும் கட்டளை அல்ல. பந்தயக் குதிரை இறுகிய வாரில் சாய்ந்துகொண்டு ஓடக் கற்கிறது. நீங்கள் பயந்து இழுக்க இழுக்க அது இன்னும் வேகம் எடுக்கும். அது அடங்காமை அல்ல, படித்த பாடத்தை ஒப்பிக்கிறது. அப்படிப்பட்ட குதிரையை இரண்டு கையாலும் இழுக்காதீர்கள். ஒரு வாரை மட்டும் எடுத்து, விட்டு, மறுபடி எடுத்து, பெரிய வட்டமாகத் திருப்புங்கள். வட்டத்தில் வேகம் தானாகக் குறையும். குறைந்ததும் வாரை நீளமாக விடுங்கள். நேர்கோடாக நீண்டு கிடக்கும் கடற்கரைக்கு இப்போதைக்குக் கொண்டுபோகவே கூடாது. வேலி அடைத்த வளவில் ஒரு நாளைக்கு இருபது நிமிடம், வெயில் ஏறுவதற்கு முன்.

பயணிகளை இந்தப் பருவத்தில் ஏற்றாதீர்கள். ஏறத் தெரியாதவர்கள் விழாமல் இருக்க வாரைத்தான் பிடித்துத் தொங்குவார்கள், நீங்கள் மாதக்கணக்கில் பழக்கியது ஒரு பிற்பகலில் போய்விடும். முதுகெலும்பின் வளர்ச்சியும் ஐந்து வயது தாண்டித்தான் முடிகிறது. வருமானம் போகிறதே என்பீர்கள், எனக்கும் புரிகிறது. அதைத் தரகரிடம் கேளுங்கள். ஐந்து வயது என்று எழுதிக் கையொப்பமிட்ட துண்டு ஏதும் இருந்தால், அதையும் பல்லின் படத்தையும் வைத்தியரின் குறிப்பையும் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.