டிஸ்னி வீட்டுத் தோட்டத்து ரயில்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹோம்பி ஹில்ஸ் பகுதியில், தன் வீட்டுத் தோட்டத்தில் வால்ட் டிஸ்னி ஓட்டிய நீராவி ரயில்தான் 'கரோல்வுட் பசிபிக்'. 1950 மே மாதம் ஓடத் தொடங்கி 1953இல் நின்றுபோனது. பல வருடங்களாக அதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் விடாமல் படித்து வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், அது பொம்மை ரயில்தானே? ஆள் உட்கார முடியுமா?

பெரியவர்களே உட்கார்ந்து போனார்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 7¼ அங்குலம், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. நிஜ ரயிலின் எட்டில் ஒரு பங்கு அளவு. அமெரிக்க ரயில் பாதையின் அகலமான 4 அடி 8½ அங்குலத்தை எட்டால் வகுத்தால் 7 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அந்தக் கணக்குதான். ஆனால் பொம்மை என்று சொல்ல எனக்கு மனம் வராது. நிலக்கரி எரிந்து, பாய்லரில் தண்ணீர் கொதித்து, நீராவி பிஸ்டனைத் தள்ளித்தான் சக்கரம் சுற்றியது. டிரைவர் டெண்டர் மேல், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் வைக்கும் வண்டியின் மேல், உட்கார்ந்து ஓட்டுவார், மற்றவர்கள் பின்னால் இருக்கும் கூட்ஸ் பெட்டிகளில் ஏறிக்கொள்வார்கள்.

எஞ்சினை அவரே செய்தார் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

பாதி உண்மை தம்பி. வேலையை நடத்தியவர் ரோஜர் பிராகி, டிஸ்னி ஸ்டூடியோ மெஷின் ஷாப்பின் தலைவர். சென்ட்ரல் பசிபிக் என்ற அமெரிக்க ரயில் கம்பெனியின் 173ஆம் எண் எஞ்சினை மாதிரியாக வைத்துச் செய்தார்கள். டிஸ்னி ஷாப்புக்குப் போய் லேத், தகட்டு வேலை எல்லாம் கற்றுக்கொண்டு சின்னச் சின்ன பாகங்களைத் தன் கையாலேயே செய்தார். எஞ்சின் முதலில் ஓடியது 1949 டிசம்பர் 24 அன்று, ஸ்டூடியோவுக்குள். மனைவி லில்லியனை நினைத்து அதற்கு 'லில்லி பெல்' என்று பெயர் வைத்தார்.

என்னைக் கேட்டால், எஞ்சினைவிடக் கடைசியில் வரும் கார்டு பெட்டியைத்தான் பார்க்க வேண்டும். அதன் பெரும்பகுதி அவர் கைவேலை. உள்ளே படுக்கைகள், ஒரு குட்டி இரும்பு அடுப்பு. வெளியிலிருந்து யாருக்கும் கண்ணில் படாத இடத்தில் இத்தனை அக்கறை!

வீட்டம்மா இதற்கெல்லாம் சம்மதித்தாரா?

அதற்கு ஒப்பந்தமே எழுதினார்கள். பாதி விளையாட்டுதான் என்றாலும், ரயில் போகும் பாதையின் உரிமை டிஸ்னிக்கே என்று சட்ட நடையில் ஒரு பத்திரம் எழுதி, மனைவியும் இரண்டு மகள்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

மொத்தப் பாதை 2,615 அடி, கிட்டத்தட்ட அரை மைல். ரயில் தடம் மாறும் பாயிண்ட் 11 இடங்களில், 46 அடி நீளத்தில் மரக்கால் பாலம். ஆனால் ஓர் இடம் லில்லியனின் பூந்தோட்டத்துக்கு வேண்டியிருந்தது. அதைத் தொடாமல் அடியில் 90 அடிக்குச் சுரங்கப்பாதை தோண்டினார் டிஸ்னி. நேராகத் தோண்டியிருந்தால் செலவு குறைந்திருக்கும். அவரோ பாம்பு போல வளைத்தார். உள்ளே நுழைந்தவருக்கு மறுபக்கத்து வெளிச்சம் தெரியக்கூடாதாம்! இருட்டுக்குள் போய், எங்கே முடியும் என்று தெரியாமல் இருக்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இவ்வளவு செலவும். கதை சொல்கிறவரின் புத்தி அது.

அப்புறம் ஏன் மூன்றே வருடத்தில் நிறுத்தினார்?

விபத்து. 1953இல் விருந்தாளி ஒருவர் வளைவில் வேகமாக ஓட்ட, எஞ்சின் கவிழ்ந்து, விசில் உடைந்து நீராவி பீறிட்டது. வேடிக்கை பார்க்க ஓடிவந்த ஒரு சிறுமிக்கு நீராவி பட்டுக் காயம். டிஸ்னி ரயிலையே நிறுத்திவிட்டார்.

'ஒரு தடவை நடந்ததற்காகவா?' என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர் செய்ததுதான் சரி என்பது என் எண்ணம். நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டில் ஒரு பங்கானால் எடை 512இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் மேலே உட்காரும் மனிதர் சுருங்குவதில்லையே. குறுகிய தண்டவாளம், லேசான வண்டி, அதன் மேல் உயரத்தில் கனமான ஆள் என்றால், வளைவில் கொஞ்சம் வேகம் கூடினாலும் சாயும். நீராவியும் அப்படித்தான், எஞ்சின் சின்னது என்பதற்காக அதன் சூடு குறையாது. வீட்டில் இந்த மாதிரி ரயில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பாய்லரையும் வேகத்தையும் சரியாகப் பழகாதவர் கையில் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

அவருடைய நண்பர்களும் ரயில் வைத்திருந்தார்களா?

ஆமாம், ஸ்டூடியோவில் வேலை பார்த்த இரண்டு அனிமேட்டர்கள். ஆலி ஜான்ஸ்டன் வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு ரயில். வார்ட் கிம்பலோ நிஜ ரயிலையே தோட்டத்தில் ஓட்டினார், 3 அடி அகலப் பாதையில்! டிஸ்னியும் கிம்பலும் 1948இல் சிகாகோ ரயில் கண்காட்சிக்குச் சேர்ந்து போய்வந்தார்கள்.

டிஸ்னிலேண்ட் ரயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். லில்லி பெல்லின் வரைபடத்தைப் பெரிதாக்கித்தான் டிஸ்னிலேண்ட் எஞ்சினை வடிவமைத்தார்கள். 7¼ அங்குலத்தை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், 36¼ வரும். அங்கே பாதை 36 அங்குலம். 1955 ஜூலை 17, பூங்கா திறந்த அன்றே அந்த ரயிலும் ஓடியது.

இப்போது போனால் பார்க்க முடியுமா?

முடியும். லில்லி பெல் சான் பிரான்சிஸ்கோவில், வால்ட் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிஸ்னி உள்ளே இருந்து ரயில் பாதையை இயக்கிய மரக்கொட்டகையை லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பூங்காவுக்குக் கொண்டுவந்து 1999இல் திறந்தார்கள். அவர் சின்ன வயதில் வளர்ந்த, மிசௌரி மாநிலத்து மார்சலின் ஊர்ப் பண்ணையின் கொட்டகையைப் பார்த்துக் கட்டியது அது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் திறந்திருக்கும், நாளை விசாரித்துக்கொண்டு போங்கள்.